சேர்வராயன் மலையைச் சீன மையில் வரைவது எப்படி

முதல் வேலை, சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஏற்காட்டுக்குக் கிளம்பும்போது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். படம் எடுத்து வந்து அதைப் பார்த்து வரைந்துகொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் வாட்டர்கலர் பக்கம் போய்விடுவது நல்லது. அதுவும் அருமையான கலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லப்போகிற சீன மலைநீர் ஓவியத்தை (மலையும் நீருமான காட்சியை மையில் தீட்டுவது) மலை எதிரில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைவது பெரும்பாலும் வழக்கம் இல்லை. நடப்பார்கள், ஏறுவார்கள், பாறை மேல் உட்கார்ந்து வெறுமனே பார்ப்பார்கள், அப்புறம் வீட்டுக்கு வந்து மனதில் தங்கியதை மட்டும் தாளில் இறக்குவார்கள். தங்காதது போனால் போகட்டும்.

நான் ஓவியன் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாலைந்து வெள்ளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் முடிகிற வரைக்கும் தலை நிமிர முடியாது. அதற்கப்புறம் வருகிற ஒரு ஞாயிறு மலைக்கு, அடுத்த ஞாயிறு மைக்கு. ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஓவியத்தில் பேர் வாங்கிய பலரும் கோப்பு எழுதிப் பிழைத்தவர்கள்தான். சீனத்தில் வென்ரென் என்பார்கள், படிப்பாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதி அரசாங்க வேலைக்கு வந்தவர்கள், இல்லையென்றால் வேலை கிடைக்காமலோ பிடிக்காமலோ ஊரில் ஒதுங்கியவர்கள். அலுவலகத்தில் உத்தரவு எழுதிய அதே தூரிகை, அதே மை, அதே தாள். மாலையில் அதில் கவிதை எழுதுவார்கள், கவிதை முடிந்த இடத்தில் ஒரு மூங்கிலோ பாறையோ முளைக்கும். அதனால் நமக்கு வரைய வராது என்று தயங்க வேண்டாம். கையெழுத்து போடத் தெரிந்தால் ஆரம்பிக்கலாம்.

காசுக்கு வரைகிற அரண்மனை ஓவியர்களைவிடத் தாங்கள் ஒரு படி மேல் என்ற மிதப்பும் இந்தப் படிப்பாளிகளுக்கு இருந்தது. எனக்கு அது பிடிக்காது. அரண்மனைக்காரர்கள் வரைந்த மலைகளின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனாலும் படிப்பாளிகள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பெரும் கவிஞர் ஸூ ஷி, உருவம் அச்சாக இருக்கிறதா என்று பார்த்து ஓவியத்தை மதிப்பிடுகிறவனுக்குக் குழந்தை அறிவுதான் என்று கவிதையிலேயே எழுதிவைத்தார். ஹுவாங் கோங்வாங் (1269–1354) வரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். மேலதிகாரி மாட்டிக்கொண்ட வழக்கில் இவரும் சிறைக்குப் போய் வந்தார், அப்புறம் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தாவோ சமய வழிக்குப் போய், குறி சொல்லிப் பிழைத்து, மலைமலையாகச் சுற்றினார். அவருடைய பேர்பெற்ற ஃபூச்சுன் மலைச் சுருளை வரைய உட்கார்ந்தபோது வயது கிட்டத்தட்ட 80. கணக்கு எழுதுகிற எனக்கு இந்த மனிதர் மேல் தனிப் பாசம்.

மலையைப் பார்ப்பது

எப்போது போவது? இதற்குச் சீனப் புத்தகம் வேண்டாம், தொல்காப்பியமே போதும். குறிஞ்சிக்கு அதில் சொன்ன பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை. ஏற்காட்டில் மஞ்சு, அதாவது பனிமூட்டம், இறங்குகிற காலமும் அதுதான். சித்திரை, வைகாசியில் கூட்டமும் வெயிலும்தான் இருக்கும், மலை முழுசாகத் தெரியும். முழுசாகத் தெரிகிற மலையை இந்த முறையில் வரைவது ஆரம்பக்காரருக்குக் கஷ்டம். பாதி மறைந்த மலை நமக்கு உதவி செய்யும்.

குவோ ஷி என்று 11ஆம் நூற்றாண்டில் ஓர் அரண்மனை ஓவியர். அவர் சொன்னதையெல்லாம் அவருடைய மகன் தொகுத்துவைத்தார். அதில் மலையைப் பார்க்க மூன்று தூரங்கள் உண்டு என்கிறார். அடியிலிருந்து சிகரத்தை நிமிர்ந்து பார்ப்பது உயரத் தூரம், முன் மலையின் இடுக்கு வழியாகப் பின் மலைகளைப் பார்ப்பது ஆழத் தூரம், பக்கத்து மலையிலிருந்து எட்ட இருக்கிற மலையைப் பார்ப்பது சமதூரம். நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப வசதி, ஏனென்றால் ஒரே பஸ் டிக்கெட்டில் மூன்றும் கிடைத்துவிடும்.

அடிவாரத்தில் டீக்கடை ஓரமாக நின்று நிமிர்ந்து பாருங்கள், கழுத்து வலிக்க வேண்டும், அது உயரத் தூரம். ஃபான் குவான் என்பவர் சுமார் 1000ஆம் ஆண்டு வாக்கில் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள பட்டில் இப்படி ஒரு மலையை வரைந்தார். முக்கால்வாசி மலைதான், அடியில் பொதிமாடு மாதிரி சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள் எறும்பு அளவில் போகும். தன் பெயரை இலைகளுக்கு நடுவில் ஒளித்து எழுதியிருந்தார், 1958இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் பஸ் ஏறுங்கள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் போனதும், வளைவில் வண்டி திரும்புகிற அந்த இரண்டு நொடி ஒரு மடிப்புக்குப் பின்னால் இன்னொரு மடிப்பு, அதற்கும் பின்னால் வெளிறிய ஒன்று என்று தெரியும். ஜன்னல் சீட் முக்கியம். அது ஆழத் தூரம். மேலே லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்றால் சேலம் ஊர் முழுக்கக் கீழே பரந்து கிடக்கும், அதைத் தாண்டிக் கஞ்சமலையும் ஜருகுமலையும் புருவம் தீட்டின மாதிரி கிடைமட்டமாகப் படுத்திருக்கும். அது சமதூரம்.

முதல் ஐந்தாறு படங்களுக்கு ஒரு படத்தில் ஒரு தூரம் போதும். குவோ ஷி 1072இல் வரைந்த ‘இளவேனில்’ படத்தில் மூன்றையும் பின்னிவைத்திருக்கிறார், மூல ஓவியம் தைவானின் தைபேயில் இருக்கிறது, அதன் படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு அதைச் செய்ய முயலாதீர்கள். நான் முயன்றேன், கடைசியில் சேர்வராயன் கோயில் சிகரம் கிளியூர் அருவிக்குக் கீழே வந்துவிட்டது.

மலையில் இருக்கும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும். அதில் வார்த்தைகளை எழுதுங்கள்: ‘பாறை நெற்றியில் ஈரம்’, ‘சில்வர் ஓக் கீழ்ப்பாதி இல்லை’, ‘சத்தம் கேட்குது, தண்ணி தெரியல’. ஹுவாங் கோங்வாங் மட்டும் ஒரு விலக்குக் கொடுக்கிறார். தோல்பையில் தூரிகை வைத்துக்கொள்ளுங்கள், வழியில் விசித்திரமான மரம் கண்ணில் பட்டால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னார். சரி, மரத்துக்கு மட்டும் விதிவிலக்கு.

சாமான்கள்

தூரிகை, மை, தாள், மைக்கல். நாலுதான், சீனர்கள் இவற்றைப் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்பார்கள்.

மைக்கட்டி என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்த்துக் குச்சியாக வார்த்தது. விளக்குப் புகையைத் தட்டில் பிடித்துக் கண்மை கூட்டுகிற பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. அங்கே பைன் மரத்தை எரித்துப் புகை பிடித்தார்கள், எண்ணெய்ப் புகையிலும் செய்தார்கள். மைக்கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கட்டியை நேராகப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாக உரச வேண்டும். குழந்தைக்கு உரைமருந்து உரசுகிற அதே கைதான். பத்து நிமிடம் ஆகும். மை கொஞ்சம் எண்ணெய் மாதிரி மெதுவாக ஓடினால் பதம். பாட்டில் மையும் கிடைக்கிறது, அதில் பழகுவது தப்பில்லை, ஆனால் அந்தப் பத்து நிமிடம் போய்விடும். எனக்கு அந்த நேரத்தில்தான் கடைக்காரர்களின் பில் நம்பர்கள் தலையை விட்டு இறங்குகின்றன. உரசி முடித்ததும் கட்டியைத் துடைத்துத் தனியாக வையுங்கள். கல் மேலேயே ஈரத்தோடு விட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

தூரிகை இரண்டு போதும்: வீசல் என்கிற, கீரி மாதிரி இருக்கும் பிராணியின் முடியில் செய்த விறைப்பான ஒன்று கோட்டுக்கு, ஆட்டு முடியில் செய்த மெத்தென்ற ஒன்று தண்ணீர் கலந்த வெளிர் மைக்கு. புதுத் தூரிகையின் முனை பசை போட்டு விறைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து விரலால் நீவிக் கரையுங்கள், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். கழுவிய பிறகு முனை கீழே பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். டம்ளரில் தலைகீழாக நிறுத்தி மறந்துபோய் ஒன்றை நான் கூழையாக்கியிருக்கிறேன்.

தாள் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கடையில் ரைஸ் பேப்பர் என்று கேட்டு வாங்குவோம், ஆனால் சீன ஷுவான் தாள் அரிசியில் செய்வதில்லை. ஒரு மரத்தின் பட்டை நாரும் வைக்கோலும் சேர்ந்தது. அதில் இரண்டு வகை: பச்சைத் தாள், பக்குவம் செய்த தாள். நெசவு ஊர்க்காரர்களுக்கு ஒரே வரியில் விளங்கும், ஒன்று கஞ்சி போடாதது, இன்னொன்று கஞ்சி போட்டது. கஞ்சி போடாத பச்சைத் தாளில் மை பட்டவுடன் பரவும், திருத்த முடியாது, ஆனால் மஞ்சு அதில்தான் வரும். கஞ்சி போட்டதில் (அவர்கள் படிகாரமும் பசையும் பூசுவார்கள்) மை மேலேயே நிற்கும், நுணுக்க வேலைக்கு ஆகும். நமக்குப் பச்சைத் தாள். பழகுவதற்கு அச்சகங்களில் மிஞ்சுகிற நியூஸ்பிரிண்ட் துண்டு போதும், கிட்டத்தட்ட அதே மாதிரி உறிஞ்சும், கெட்டாலும் மனசு வலிக்காது. அடியில் ஒரு பழைய கம்பளித் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேஜையின் தேக்குக் கோடுகளும் உங்கள் மலையில் வந்து சேரும்.

கோடு

தூரிகையைப் பேனா மாதிரி சாய்க்காமல் நட்டமாகப் பிடியுங்கள், மணிக்கட்டு மேஜையைத் தொட வேண்டாம். முனை கோட்டின் நடுவிலேயே ஓடினால் கோடு உருண்டையாக, கம்பி மாதிரி வரும். சாய்த்து இழுத்தால் ஒரு பக்கம் கரடாக உடையும், அது பாறைக்கு. இரண்டு நாளைக்கு இந்த இரண்டு கோடு மட்டும். போர் அடிக்கத்தான் செய்யும்.

அப்புறம் மை எடுக்கும் விதம். தூரிகை முழுவதும் தண்ணீர், பாதி வரைக்கும் வெளிர் மை, முனையில் மட்டும் அடர்ந்த மை. இப்படி எடுத்துச் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு ஓரம் கறுப்பாகவும் மறு ஓரம் காற்றோடு கரைகிற மாதிரியும் வரும். மையில் ஐந்து நிறம் என்று பழையவர்கள் சொன்னது இதைத்தான். பக்கத்தில் நாலைந்து வெள்ளைச் சாஸர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய் மையை வேறுவேறு அடர்த்தியில் கலந்துவையுங்கள். தாளில் காய்ந்தபின் மை ஒரு படி வெளுக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளவும்.

பாறையும் மரமும்

வரிசை இதுதான்: வெளிக்கோடு, அதற்குள் சொரசொரப்பு, அப்புறம் காய்ந்த தூரிகையால் ஒரு தேய்ப்பு, மேலே வெளிர் மைக்குளியல், கடைசியில் புள்ளி. பாறைக்குக் குறைந்தது மூன்று முகம் தெரிய வேண்டும் என்பார்கள். ஒரு முகத்தோடு வரைந்தால் இட்லி.

சொரசொரப்புக்கு அவர்களிடம் ஏகப்பட்ட பெயர். கோடரியால் சீவினது, மழைத்துளி, சணல்நார் பிரித்தது, மடித்த நாடா என்று நீளும். ஃபான் குவான் மலையில் மழைத்துளி, ஹுவாங் கோங்வாங்கிடம் சணல்நார். நம் மலைக்கு எது? சேர்வராயன் பாறைகள் பெரும்பாலும் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து உருண்டவை, யானை முதுகு மாதிரி, அதற்குக் கோடரி வெட்டு ஒத்துவராது. சணல்நார்க் கோட்டை நீளமாக, தொய்வாக, பாறையின் வளைவோடு இறக்கினால் நன்றாகப் பொருந்தும். ரோடு போட வெடி வைத்துப் பிளந்த பகுதிகள் கூர்மையாக, கறுத்து நிற்கும், அங்கே தூரிகையைப் படுக்கவைத்துக் கோடரி. ஒரே மலையில் இரண்டையும் கலக்காதீர்கள், வேட்டிக்கு மேல் கோட்டு போட்ட மாதிரி இருக்கும்.

மரத்தைத் தண்டிலிருந்து தொடங்குங்கள், கிளை நாலு பக்கமும் போக வேண்டும், பார்ப்பவரை நோக்கி வருகிற கிளை ஒன்று கட்டாயம். சீனப் படங்களில் பைனும் வில்லோவும் நிற்கிற இடத்தில் நமக்குச் சில்வர் ஓக். காப்பித் தோட்டத்துக்கு நிழலுக்காக நட்டவை, ஒல்லியாக, நெட்டையாக, மிளகுக்கொடி இடுப்பு வரை சுற்றியிருக்கும். ஒரு நட்டக் கோடு, மேலே பறவை இறகு மாதிரி இலை, தண்டின் கீழ்ப்பாதியில் கொடிக்கு அடர்ந்த புள்ளிகள், முடிந்தது. காப்பிச் செடிக்குத் தனி வடிவம் வேண்டாம், புள்ளிதான். பைன் மரம் வரையாதீர்கள், தயவுசெய்து. சீன ஓவியம் என்றதும் எல்லோரும் பைனும் வளைந்த கூரை மண்டபமும் போடுகிறார்கள், கீழே ஏற்காடு என்று எழுதிவிடுகிறார்கள்.

எட்ட இருப்பதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது, சீனத்தின் தாங் வம்ச காலத்துக் கவிஞர் வாங் வெய் பெயரில் வழங்குகிறது: மலை பத்தடி என்றால் மரம் ஓரடி, குதிரை ஓரங்குலம், ஆள் பயறு அளவு, எட்ட நிற்கும் ஆளுக்குக் கண் இல்லை, எட்ட நிற்கும் மரத்துக்குக் கிளை இல்லை, எட்ட இருக்கும் மலைக்குப் பாறை இல்லை, எட்டத் தண்ணீருக்கு அலை இல்லை. இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நம் கை சும்மா இருக்காது, கஞ்சமலைக்கும் மரம் வைக்கப் போகும்.

மஞ்சு

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும். மஞ்சை வரையக் கூடாது. அது தாள். மையால் மலையை வரைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்திவிட வேண்டும், நிறுத்திய இடம் தெரியாமல் நிறுத்த வேண்டும்.

செய்முறை சொல்கிறேன். இரண்டு தூரிகை, ஒன்றில் மை, ஒன்றில் வெறும் சுத்தத் தண்ணீர். மலையின் மேல்விளிம்பை நடுத்தர மையில் போடுங்கள். உடனே, காய்வதற்குள், அதற்குக் கீழே இரண்டு விரல்கடை இடத்தைத் தண்ணீர்த் தூரிகையால் நனையுங்கள், மை விளிம்பைத் தண்ணீர் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். மை தானாக இறங்கி, வெளுத்து, காணாமல் போகும். அந்த வெள்ளையை அப்படியே விடுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு, கொஞ்சம் கீழே, அதே வெள்ளையிலிருந்து அடுத்த மலையின் மேல்விளிம்பு கிளம்ப வேண்டும், முன்னதைவிட ஒரு படி அடர்த்தியாக. கிட்டே வர வர அடர்த்தி கூடும். மூன்று மலை இப்படி அடுக்கினால் நடுவில் இருக்கிற இரண்டு வெள்ளைப் பட்டைகளும் மஞ்சாக மாறியிருக்கும். நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் விசேஷம்.

எல்லோரும் செய்கிற தப்பு, வெள்ளையைப் பார்த்துப் பயந்து, அங்கே லேசாகச் சாம்பல் பூசிவிடுவது. பூசினால் மஞ்சு போய் டவுன் பஸ் புகை வந்துவிடும். என் முதல் வருடப் படங்கள் எல்லாவற்றிலும் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு நெடி அடிக்கும். இன்னொரு தப்பு, மஞ்சைச் சுற்றிக் கோடு போட்டு மேகம் மாதிரி சுருட்டுவது. பழைய சாமி படங்களில் அது அழகு, இங்கே ஆகாது.

மழைநாளின் ஏற்காடு வேண்டுமென்றால் மி ஃபூ வழிக்குப் போங்கள். ஸூ ஷியின் காலத்தவர், 1051இல் பிறந்து 1107இல் போனவர், ஈரம் கசியும் தென்சீனப் பகுதி மலைகளைப் பார்த்தவர். வெளிக்கோடே இல்லாமல், தூரிகையைப் படுக்கவைத்துக் கிடைமட்டமாகப் பட்டுப் பட்டென்று ஈரப்புள்ளிகளை அடுக்கி மலை எழுப்புகிற முறை இவர் பெயரிலும் இவர் மகன் பெயரிலும் நிற்கிறது. முதலில் வெளிர்ப் புள்ளி, ஈரம் காய்வதற்குள் நடுத்தரம், உச்சியில் மட்டும் அடர்ந்தது, அடிப்பக்கம் புள்ளிகள் அரிதாகி மறைய வேண்டும். ஏரிக்கரையிலிருந்து கார்த்திகை மழையில் தெரிகிற தோட்டச் சரிவு இப்படித்தான் இருக்கும், நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். மி ஃபூ கொஞ்சம் கிறுக்கு என்றும் சொல்வார்கள். வேலைக்குப் போன ஊரில் விசித்திரமான பாறை ஒன்றைப் பார்த்ததும் அங்கி மாட்டிக்கொண்டு அதைக் கும்பிட்டு, அண்ணா என்று கூப்பிட்டாராம். மலையையே சேர்வராயசாமி என்று கும்பிடுகிற ஊரில் இதை யாரும் கிறுக்கு என்று சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு வெள்ளை விடலாம் என்று கேட்டால், உங்களுக்குப் பயம் வருகிற அளவுக்கு. நி ஸான் (1301–1374) பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை, சொத்தையெல்லாம் விட்டுவிட்டுப் படகில் ஏரி ஏரியாகத் திரிந்தவர். அவர் படத்தில் இந்தப் பக்கம் நாலு மரமும் ஆளில்லாத ஒரு மண்டபமும், நடுவில் வெறும் தாள், அந்தப் பக்கம் தாழ்ந்த மலை, அவ்வளவுதான். அந்த நடுவெளியைத் தண்ணீர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், அதில் ஒரு அலைகூட இல்லை. அவர் வழியில் ஏற்காட்டு ஏரியை வரைந்து காயவைத்திருந்தேன். வீட்டில் காப்பி கொண்டுவந்து வைத்தவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மீதியை எப்ப வரைவீங்க?” என்றாள். அந்தக் கேள்வி வந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆள், எழுத்து, முத்திரை

ஒரு ஆளைப் போடுங்கள், ஒரே ஒருவர், பயறு அளவில். அவர் எங்கே போகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீனப் படங்களில் பாலத்தின் மேல் கைத்தடியோடு ஒரு கிழவர் வருவார், பின்னால் வீணை மாதிரி ஒரு வாத்தியத்தைச் சுமந்து ஒரு பையன் வருவான். நம் படத்தில் தலையில் சுள்ளிக்கட்டோடு ஒரு அம்மாவும் வரலாம், பஸ் போய்விட்ட ஸ்டாப்பில் நிற்கிறவரும் வரலாம். பஸ் வேண்டாம்.

காலி இடத்தில் ஒன்றிரண்டு வரி எழுதுவது இந்த மரபில் படத்தின் பாகமே. தமிழிலேயே எழுதுங்கள், அதே தூரிகையில், அதே மையில். சொந்த வரியாக இருந்தால் நல்லது, கவிதை வராவிட்டால் நாளும் இடமும் போதும்: ‘மார்கழி மூணாம் ஞாயிறு, பதினாலாம் வளைவு, ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை.’ பந்துமுனைப் பேனாவில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கடைசியில் சிவப்பு முத்திரை. படிப்பாளி ஓவியர்களில் பலர் மிருதுவான கல்லில் தாங்களே செதுக்கிக்கொண்டார்கள். மிருதுவான கல்லுக்கு நாம் எங்கும் போக வேண்டாம், கல்சட்டி செய்கிற மாக்கல் இருக்கிறது. அம்மாவின் உடைந்த கல்சட்டி ஒன்றிலிருந்து ஹேக்ஸா பிளேடால் ஒரு துண்டு அறுத்தேன் (தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், தூசி மூக்கில் ஏறும்), உப்புத்தாளில் தேய்த்து முகத்தைச் சமமாக்கி, பழைய ஸ்க்ரூடிரைவரைத் தீட்டி என் பெயரின் முதல் எழுத்தான ‘கு’வைச் செதுக்கினேன். இரண்டு மணி நேரம். அச்சு வைத்துப் பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி நிற்கிறது. கல்லில் இடம் வலமாக மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது வெள்ளிப் பட்டறையில் அச்சு வெட்டுகிற சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும், எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. பெயர் ‘ப’வில் தொடங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், திருப்பினாலும் ப தான். ரப்பர் ஸ்டாம்பு பேடின் சிவப்பைத் தொடாதீர்கள், பச்சைத் தாளில் ஊறிப் பரவிவிடும். முத்திரைக்கென்று எண்ணெய்ப் பதத்தில் சிவப்புக் களிம்பு டப்பாவில் வருகிறது, அதை வாங்குங்கள். ஒரிஜினல் களிம்பில் பாதரசம் சேர்ந்த சாதிலிங்கம் இருக்கும், அதனால் கை கழுவிவிட்டுச் சாப்பிடவும்.

ஒட்டுவதும் வைப்பதும்

காய்ந்த படம் சுருங்கிக் கிடக்கும், பயப்பட வேண்டாம். படத்தைக் குப்புறப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, அகலத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிச் சுருக்கம் எடுத்து, பசை பூசி, அதைவிடப் பெரிய இன்னொரு தாளைப் பின்னால் ஒட்ட வேண்டும். அங்கே கோதுமை மாவின் பசை. நான் ஊர்ப் பாசத்தில் முதலில் ஜவ்வரிசிக் கஞ்சியில் ஒட்டினேன், திட்டமாகக் காய்ச்சத் தெரியாததால் காய்ந்ததும் வடாம் மாதிரி விறைத்துக்கொண்டு, சுருட்டும்போது உடைந்தது. இப்போது மைதாவை நீர்க்கக் காய்ச்சி, துணியில் வடிகட்டிப் பூசுகிறேன். ஒட்டினதும் ஓரத்தில் மட்டும் பசை தடவிப் பிளைவுட் பலகையில் அப்பிவிடுங்கள், இரண்டு நாளில் முரசுத் தோல் மாதிரி இழுத்துக்கொண்டு நேராகும். மழைக்காலம் என்றால் நாலு நாள்.

வருடம் முழுக்கச் சுவரில் மாட்டிவைக்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. விருந்தாளி வந்தால் எடுத்து மாட்டுவார்கள், அப்புறம் சுருட்டிவிடுவார்கள். நீளச் சுருளை மேஜையில் வைத்து வலமிருந்து இடமாக, ஒரு கை நீளம் விரிப்பது, பார்த்ததைச் சுருட்டிக்கொண்டே அடுத்ததை விரிப்பது, ஏறக்குறைய பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறுகிற மாதிரிதான். ஹுவாங் கோங்வாங்கின் ஃபூச்சுன் சுருளை இப்படி ஆசையாகப் பார்த்து வந்த ஒரு உரிமையாளர், 1650இல் சாகப் போகும்போது தன்னோடு அதுவும் வரட்டும் என்று நெருப்பில் போடச் சொன்னார். உறவுக்காரப் பையன் ஒருவன் பிடுங்கி எடுத்தான், அதற்குள் பற்றி இரண்டாகிவிட்டது. அரை மீட்டர்த் துண்டு சீனாவின் ஹாங்சோவில், ஆறு மீட்டருக்கு மேல் உள்ள பெரிய துண்டு தைபேயில். 2011இல் தைபேயில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

நம் படத்தை நெருப்பில் போட யாரும் ஆசைப்பட மாட்டார்கள், நமக்கு எதிரி பூச்சியும் ஈரமும்தான். பிளம்பிங் கடையில் மூன்று அங்குல பிவிசி குழாய் ஒரு மூன்றடித் துண்டும் இரண்டு மூடியும் கேளுங்கள். உள்ளே நாலு மிளகும் ஒரு கைப்பிடி காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து போட்டு, சுருளை விட்டு மூடி, பீரோ மேல் வையுங்கள். குழாய் மேல் வருடத்தை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.